மூடுபனியில் தெரிந்த புள்ளிகள்

கேள்வி: ஐயா, சேலம் அழகாபுரத்தில் வசிக்கிறேன். அப்பா விட்டுச்சென்ற பெண்டாக்ஸ் கே1000 கேமராவில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டுப் படம் எடுத்து, வீட்டுக் குளியலறையிலேயே கழுவிப் பழகுகிறேன். இதுவரை நான்கு ரோல் முடித்திருக்கிறேன். நான்கிலும் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. கடைசி ரோலை ஏற்காட்டில் மூடுபனி நேரத்தில் எடுத்தேன். அதில்தான் நிலைமை மிக மோசம். ஸ்கேன் செய்து பார்த்தால் வெள்ளை வட்டங்களும் இருக்கின்றன, கறுப்புப் புள்ளிகளும் இருக்கின்றன. டி-76 டெவலப்பர் (ஃபிலிமில் படத்தை உருவாக்கும் மருந்து) பாக்கெட்டை போர்வெல் தண்ணீரில் கரைக்கிறேன். கடைசி அலசலில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, ஃபிலிம் சுற்றிய ரீலோடு சேர்த்து, ஒளி புகாத டேங்கிலேயே அலசுகிறேன். பிறகு இரண்டு விரலால் தண்ணீரை வழித்துவிட்டு, ஃபேன் காற்றில் தொங்கவிடுகிறேன். கெட்டுப்போனது ஃபிலிமா, டெவலப்பரா? நண்பர் ஒருவர் விலை உயர்ந்த டெவலப்பருக்கு மாறச் சொல்கிறார். ஆறு ஃபிரேம் கொண்ட நெகட்டிவ் துண்டு ஒன்றை இணைத்திருக்கிறேன். ஏற்காட்டில் உறவினர் வீட்டில் பழைய நெகட்டிவ் பெட்டி ஒன்று இருக்கிறது, அதிலும் புள்ளிகள் இருக்கின்றன.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஃபிலிமும் கெடவில்லை, டெவலப்பரும் கெடவில்லை. நீங்கள் அனுப்பிய துண்டின் ஓரத்தில் ஃபிலிம் கம்பெனி அச்சிட்ட எண்களும் எழுத்துகளும் நல்ல கறுப்பாக, கூர்மையாக வந்திருக்கின்றன. டெவலப்பர் வலுவிழந்திருந்தால் முதலில் வெளிறிப்போவது அந்த எழுத்துகள்தான். புது டெவலப்பருக்கு ஒதுக்கிய பணத்தில் இன்னும் இரண்டு ரோல் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் நெகட்டிவில் இருப்பவை இரண்டு வேறு வகைப் புள்ளிகள். ஒன்று, டெவலப்பர் ஊற்றிய முதல் நிமிடத்தில் பிறந்தது. மற்றொன்று, எல்லா வேலையும் முடிந்து ஃபிலிம் கொடியில் தொங்கும்போது பிறந்தது. இரண்டுக்கும் உங்கள் கடைசி அலசல்தான் காரணம். கடைசியில் செய்யும் தவறு முதல் நிமிடத்துக்கு எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். அடுத்த ரோலின் முதல் நிமிடத்துக்குப் போகிறது. அதைக் கீழே விளக்குகிறேன்.

துண்டையே தபாலில் அனுப்பியதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு என்ன நோய் என்று கேட்கிறார்கள். ஸ்கேனில் எல்லாப் புள்ளியும் ஒரே சாயலில்தான் தெரியும். புள்ளி படத்துக்குள் இருக்கிறதா, படத்தின்மேல் ஒட்டியிருக்கிறதா, ஒட்டியிருந்தால் பளபளப்பான பக்கமா, படம் பதியும் மருந்து பூசிய பக்கமா என்பதையெல்லாம் நெகட்டிவைக் கையில் பிடித்தால்தான் சொல்ல முடியும். நான் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். நாளைக்கு நீங்களே பார்த்துக்கொள்ள உதவும்.

முதலில் துண்டை வெளிச்சப் பலகையில் வைத்து லூப் என்ற உருப்பெருக்கி வழியாகப் பார்த்தேன். பிறகு அதைக் கையில் எடுத்து, பின்னால் ஒரு கறுப்புத் துணியை விரித்து, மேசை விளக்கின் வெளிச்சம் ஃபிலிமை வருடிக்கொண்டு போகும்படி சாய்த்துப் பிடித்தேன். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முதல் பார்வையில் படத்துக்குள் இருப்பது தெரியும். இரண்டாவது பார்வையில் மேலே ஒட்டியிருப்பது தெரியும். இந்த இரண்டாவது பார்வைக்கு வெளிச்சப் பலகைகூட வேண்டாம், சாய்ந்த வெயில் விழும் ஜன்னல் ஒன்று போதும்.

மூன்றாவது ஃபிரேமை எடுத்துக்கொள்வோம். ஏற்காடு ஏரி, கரையில் கட்டிய இரண்டு படகுகள், அதற்கு அப்பால் ஒன்றுமே தெரியாத பனி. நல்ல படம். படகுகளைக் கீழே வைத்து மேலே முக்கால் பங்கைப் பனிக்கே விட்டுக் கொடுத்திருக்கிறீர்கள், அந்தத் துணிவு எனக்குப் பிடித்தது. அந்தப் பனியின் மேல் ஓரத்தில், ஃபிலிமின் துளைகளை ஒட்டி, ஏழெட்டு வட்டங்கள் கொத்தாக இருக்கின்றன. நெகட்டிவில் அவை கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கின்றன. ஓரம், ஊசி முனையால் வரைந்ததுபோல் கச்சிதமாக இருக்கிறது. சாய்த்துப் பார்த்தால் அந்த இடத்தில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மருந்து அப்படியே இருக்கிறது, அதில் படம் மட்டும் உருவாகவில்லை. அதாவது டெவலப்பர் அந்த இடத்தைத் தொடவே இல்லை. நெகட்டிவில் தெளிவாக இருப்பது ஸ்கேனில் கறுப்பாகும். உங்கள் கறுப்புப் புள்ளிகள் இவைதான்.

அதே ஃபிரேமின் நடுவில் இன்னொரு வகை இருக்கிறது. வெளிச்சப் பலகையில் வைத்தால் லேசான மங்கலாகத்தான் தெரிகிறது. விளக்கில் சாய்த்ததும் சாம்பல் நிற வளையங்களாக எழுந்து நிற்கிறது. நடுவில் ஒன்றுமில்லை, ஓரம் மட்டும் தடித்திருக்கிறது. மேசையில் சிந்திய காபித் துளி உலர்ந்ததும் ஓரத்தில் மட்டும் கறை கெட்டித்து நிற்குமே, அச்சாக அதுதான். பெரும்பாலான வளையங்கள் பளபளப்பான பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றின்மேல் வாயால் ஆவி ஊதி மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடைத்தேன். பாதி போய்விட்டது. உலர்ந்த சுண்ணாம்பு அது. ஒளியைத் தடுப்பதால் ஸ்கேனில் வெள்ளையாக விழுகிறது.

ஏற்காட்டு ரோல்தான் மிக மோசம் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற ரோல்களிலும் இதே அளவு புள்ளி இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவை எடுத்தால் மூட்டை, தராசு, மிளகாய் வற்றல், மனிதத் தலைகள் என்று நெருக்கத்தில் புள்ளி ஒளிந்துகொள்ளும். பனியில் ஒளிய இடமில்லை. அதோடு, பனி வெளிச்சமான பொருள் என்பதால் நெகட்டிவில் அது அடர்த்தியாக விழும். அடர்ந்த இடத்தில் ஒரு தெளிவான ஓட்டை பளிச்சென்று தெரியும். வெற்று வானமும் வெள்ளைச் சுவரும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். புதிதாக டேங்க் வாங்குகிறவர்களுக்கு நானே, முதல் ரோலில் நான்கு ஃபிரேம் வெறும் வானத்தை எடுங்கள் என்று சொல்வது வழக்கம்.

இனி கறுப்புப் புள்ளிக்கு வருவோம். டெவலப்பரை ஊற்றும்போது காற்றுக்குமிழி ஃபிலிமில் ஒட்டிக்கொண்டால், அது விலகும்வரை அந்த இடத்தில் படம் உருவாகாது. இது எல்லாருக்கும் நடக்கும். ஊற்றி மூடியதும் டேங்கை மடித்த துவாலையின்மேல் ‘டொக் டொக்’கென்று இரண்டு மூன்று முறை தட்டினால் குமிழி மேலே போய்விடும். முதலில் நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்தி, தட்டி, கீழே வைக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் பத்து விநாடிக்குள் நான்கு கவிழ்ப்பு, மறுபடியும் ஒரு தட்டு. தட்டுவதை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. செய்வதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் தட்டாதது மட்டும் காரணமாக இருந்தால் குமிழிகள் ஃபிலிம் முழுக்க அங்கங்கே சிதறியிருக்கும். உங்கள் துண்டில் ஆறு ஃபிரேமிலும் ஒரே ஓரத்தில்தான் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. டேங்கில் ரீல் நிற்கும்போது மேல்பக்கமாக இருக்கும் ஓரம் அது. திரவத்தின் மேல்மட்டத்தில் மிதப்பது எது? நுரை. டெவலப்பரில் நுரை எங்கிருந்து வந்தது? பாத்திரம் துலக்கும் திரவத்தை ரீலோடு சேர்த்து டேங்கில் விட்டு அலசுகிறீர்கள். பிளாஸ்டிக் ரீலின் சுழல் பள்ளங்களில் அந்த சோப்பு தங்கி, உலர்ந்து, கண்ணுக்குத் தெரியாத பூச்சாக ஒட்டிக்கொள்கிறது. அடுத்த ரோலுக்கு டெவலப்பரை ஊற்றிக் கவிழ்த்ததும் அது மறுபடி கரைந்து நுரைக்கிறது. நுரை மேல் ஓரத்தில் படிந்து படத்தைத் தின்கிறது. இரண்டாவது ரோலிலிருந்து ஃபிலிமை ரீலில் ஏற்றும்போது பாதியில் சிக்கிக்கொண்டு திணறியிருப்பீர்களே? அதுவும் இந்த சோப்பின் வேலைதான்.

என் கணிப்பு சரியென்றால் உங்கள் முதல் ரோலில் ஓரத்து நுரைக் கொத்து இருக்கக் கூடாது, ஏனென்றால் அப்போது ரீல் புதியது. வெள்ளை வளையம் மட்டும்தான் இருக்கும். எடுத்துப் பாருங்கள்.

ரீலையும் டேங்கின் நடுத்தண்டையும் சூடான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்து, நான்கைந்து தண்ணீரில் அலசுங்கள். கடைசியாக ஒரு கிண்ணத் தண்ணீரில் ரீலைப் போட்டுப் பலமாகக் குலுக்கிப் பாருங்கள். நுரை எழுந்தால் இன்னும் சுத்தமாகவில்லை. முழுக்க உலர்ந்த பிறகே ஃபிலிம் ஏற்ற வேண்டும். ஈர ரீலில் ஃபிலிம் நகராது, துளி தெறித்த இடத்தில் வேறு கறையும் விழும். இனிமேல் கடைசி அலசலில் சேர்க்கும் நனைப்பு மருந்து (நீர் துளியாகத் திரளாமல் வழியச் செய்வது) எதுவானாலும் ரீலுக்கும் டேங்குக்கும் அது போகக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் விடாமல் கடைப்பிடியுங்கள்.

இரண்டு ரீல் கொள்ளும் டேங்கில் ஒரே ஃபிலிமைக் கழுவுகிறவர்கள், மேலே காலி ரீல் ஒன்றையும் செருகிவிட வேண்டும். இல்லையென்றால் கவிழ்க்கும்போது ரீல் தண்டில் மேலே ஏறித் திரவத்துக்கு வெளியே நிற்கும். பேட்டர்சன் டேங்கானால் ஒரு 35 மி.மீ. ரோலுக்கு 290 மி.லி. தேவை, அடியிலேயே அச்சிட்டிருக்கும். உங்கள் துண்டில் அந்தக் குறை இல்லை.

இனி வெள்ளை வளையம். சேலத்தில் பெரும்பாலான வீடுகளில் தண்ணீருக்கு இரண்டு பெயர் உண்டு. மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் நல்ல தண்ணீர், போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். சமையலுக்கு எதை எடுக்க வேண்டும் என்று நம் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும், ஃபிலிமுக்கு மட்டும் நாம் யோசிப்பதில்லை. பாறைகளுக்குள் ஊறி வரும் நீர், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. ஏற்காட்டு அடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டுகிறார்களே, அந்த மேக்னசைட் என்பதே மெக்னீசியம் கார்பனேட்தான். உங்கள் குளியலறை ஹீட்டரின் கம்பியிலும் வாளியின் விளிம்பிலும் வெள்ளையாகப் படிந்திருப்பது எதுவோ, நெகட்டிவில் இருப்பதும் அதுதான்.

இதை என் வார்த்தைக்காக நம்ப வேண்டாம். ஒரு கண்ணாடித் துண்டை நன்றாகத் துடைத்து, அதன்மேல் நான்கு சொட்டு விடுங்கள். முதல் சொட்டு போர்வெல் தண்ணீர். இரண்டாவது, அதே தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் கலந்தது. மூன்றாவது, வீட்டு ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீர். நான்காவது, டிஸ்டில்டு வாட்டர். தூசி விழாமல் ஒரு தட்டை இடைவெளி விட்டுக் கவிழ்த்து இரவு முழுக்க வையுங்கள். காலையில் கறுப்புத் துணிக்கு மேல் சாய்த்துப் பாருங்கள். முதலாவதில் தடித்த வெள்ளை வளையம் இருக்கும். இரண்டாவதில் பிசுபிசுப்பான ஒரு திட்டும் சேர்ந்திருக்கும். அந்தத் திரவத்தில் உப்பு, வாசனை, நிறம் எல்லாம் கலந்திருக்கின்றன, அவை உலர்ந்தால் எங்கே போகும்? மூன்றாவதில் தேடித்தான் வளையத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். நான்காவது சொட்டு இருந்த இடமே தெரியாது. என் மேசையில் இந்தக் கண்ணாடி ஒன்று எப்போதும் இருக்கிறது. கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளிடம் அரை மணி நேரம் பேசுவதைவிட அதை ஒருமுறை காட்டுவது மேல்.

நான் வேலை பழகிய காலத்தில் இது எனக்கும் பட்டுத்தான் தெரிந்தது. ஒரு குடும்பத்தின் காதுகுத்து விழாவை ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ ஃபிலிமில் எடுத்திருந்தோம். கழுவும் வேலை எனக்கு. கோடைகாலம், குழாயில் நல்ல தண்ணீர் வரவில்லை. தொட்டியில் இருந்த கிணற்றுத் தண்ணீரில் கடைசி அலசலை முடித்துத் தொங்கவிட்டேன். மாமன் மடியில் குழந்தை அழுதுகொண்டிருந்த ஃபிரேமில், குழந்தையின் கன்னத்தில் சரியாக ஒரு வளையம். மருந்துப் பக்கத்தில் பெரிய துளி மெதுவாக உலர்ந்ததால் அந்த இடத்தில் மருந்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சே சுருங்கி நின்றுவிட்டது. எத்தனை முறை மறுபடி ஊறவைத்தும் போகவில்லை. ஆசான் ஒன்றும் திட்டவில்லை. அந்த ஒரு பிரிண்டை மட்டும் என் கையில் கொடுத்து, மூன்று பூஜ்யம் எண் கொண்ட பிரஷால் கன்னத்தைச் சரிசெய்யச் சொன்னார். மாலைவரை ஆனது. அந்தக் குழந்தைக்கு இன்னொரு காதுகுத்து கிடையாது என்பது பிரஷைப் பிடித்திருந்த நேரம் முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

நம் ஊரில் ஃபிலிம் டெவலப் செய்வதைப் ‘படம் கழுவுவது’ என்றுதான் சொல்வோம். சொல்லில் முழு வேலையும் கழுவுதல்தான். செய்கையிலோ டெவலப்பருக்கு வெப்பமானி வைத்து விநாடி எண்ணுகிறவர்கள், கழுவுதலுக்கு வந்ததும் குழாயைத் திறந்துவிட்டுப் போன் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

குழாயைத் திறந்து விடவும் வேண்டியதில்லை. இல்ஃபோர்ட் நிறுவனம் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது, தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊருக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். ஹைப்போவை, அதாவது உருவாகாத மிச்சத்தைக் கரைத்தெடுக்கும் ஃபிக்ஸரைக் கொட்டியதும் டேங்கில் தண்ணீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். மறுபடி நிரப்பிப் பத்து முறை. மறுபடி நிரப்பி இருபது முறை. கெட்டிப்படுத்தும் மருந்து சேராத ஃபிக்ஸர் என்றால் இதுவே போதும், ஒரு ரோலுக்கு ஒரு லிட்டர்கூட ஆகாது. இந்த மூன்றுக்கும் கேன் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் சூடு மற்ற மருந்துகளின் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

பிறகு ஃபிலிமை ரீலிலிருந்து கழற்றிவிடுங்கள். ஒரு அகலமான கிண்ணத்தில் அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக் கடையில் கிடைப்பதே போதும், மூடி முத்திரை உடையாததாகப் பார்த்து வாங்குங்கள். அதில் போட்டோ-ஃப்ளோ அல்லது இல்ஃபோடால் என்ற நனைப்பு மருந்தை, ஒன்றுக்கு இருநூறு என்ற அளவில், அதாவது 2.5 மி.லி. ஊசி போடும் சிரிஞ்சில் அளந்து விடுங்கள். சற்றுக் குறைந்தால் பரவாயில்லை, கூடினால் வேறு கோடு விழும். இந்த மருந்து நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. தண்ணீர் துளித் துளியாகத் திரளாமல் விரிப்பாக வழிந்துவிடுகிறது. ஃபிலிமின் இரு முனைகளையும் பிடித்து, கிண்ணத்தில் ஊஞ்சல்போல ஏற்றி இறக்கி ஒரு நிமிடம் நனைத்து, அப்படியே தொங்கவிடுங்கள். கீழ் முனையில் ஒரு கிளிப். முடிந்தால் நேர்க்குத்தாக இல்லாமல் சாய்வாகக் கட்டுங்கள், நீர் ஒரு ஓரத்துக்கு வந்து வடிந்துவிடும்.

விரலால் வழிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். நனைந்த ஜெலட்டின் ஊறிய அப்பளம்போல மென்மையாக இருக்கும். உங்கள் ஐந்தாவது ஃபிரேமில், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும் படத்தில், இணைகோடுகளாக இரண்டு மெல்லிய கீறல் நெடுக ஓடுகிறது. விரலிடுக்கில் அகப்பட்ட ஒரு தூசியின் வேலை அது. கீறலுக்கு மருந்தில்லை.

பாக்கெட் டி-76ஐ போர்வெல் தண்ணீரில் கரைத்ததால் பெரிய தீங்கு நடக்கவில்லை. சுண்ணாம்பைப் பிடித்து வைக்கும் பொருள் ஒன்றை அந்தப் பொடியிலேயே சேர்த்திருக்கிறார்கள். மெட்டால், ஹைட்ரோகுயினோன், சல்ஃபைட், போராக்ஸ் என்று தனித்தனியாக நிறுத்துக் கலக்குகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உப்புத் தண்ணீரில் சல்ஃபைட் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளை மணலாக அடியில் படியும். நீங்களும் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறிவிடுங்கள், செலவு ஒன்றும் அதிகமில்லை. கரைத்த கரைசலை ஒரு நாள் ஆறவைத்து, காபி வடிகட்டும் தாளில் வடித்துப் பாட்டிலின் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். கரையாத பொடி ஃபிலிமில் உட்கார்ந்தால், நெகட்டிவில் வால் முளைத்த கறுப்புப் புள்ளி விழும். உங்களிடம் அது இல்லை, வராமலே இருக்கட்டும்.

ஏற்கெனவே கழுவிய நான்கு ரோலுக்கு என்ன செய்வது? வெள்ளை வளையத்தில் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடலாம். பளபளப்பான பக்கத்தில் இருப்பவற்றுக்கு ஆவி ஊதித் துடைப்பதே போதும். மருந்துப் பக்கத்தில் இருப்பவற்றைத் துடைக்கக் கூடாது. கடையில் விற்கும் வெள்ளை வினிகரில் சுமார் 4 சதவீதம் அசெட்டிக் அமிலம் இருக்கும், சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் சம அளவு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் 2 சதவீதம். நெகட்டிவைப் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, இந்தக் கரைசலில் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக அசைத்து, மறுபடி மூன்று தண்ணீரில் கழுவி, மேலே சொன்ன கடைசி அலசலைச் செய்து தொங்கவிடுங்கள். முதலில் படமில்லாத ஒரு முனைத்துண்டில் செய்து பார்த்துவிட்டு அப்புறம் படத்துக்கு வாருங்கள். சுண்ணாம்பு அமிலத்தில் கரைந்துவிடும். ஜெலட்டின் சுருங்கிய இடங்கள் மட்டும் அப்படியே நிற்கும்.

கறுப்புப் புள்ளிகளைத் திருப்ப வழியில்லை. அந்த இடத்தில் வெள்ளி உருவாகவே இல்லை, ஃபிக்ஸர் மிச்சத்தையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. கணினியில் பக்கத்துப் பனியை எடுத்து ஒட்டிச் சரிசெய்யுங்கள். ஸ்கேனரில் தானாகத் தூசி நீக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அது அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடிக்கிறது, கறுப்பு வெள்ளை நெகட்டிவின் வெள்ளித் துகளையும் தூசியென்று எண்ணிப் படத்தைக் குதறிவிடும்.

ஃபேன் வேண்டாம். ஈர ஃபிலிமைக் காற்றில் ஆட்டினால் அறையிலுள்ள தூசியெல்லாம் அதைத் தேடி வந்து ஒட்டும், உலர்ந்தபின் ஜெலட்டினுக்குள் பதிந்துவிடும். அம்மாப்பேட்டையில் தறி ஓடும் தெருவில் எங்கள் இருட்டறை சில ஆண்டுகள் இருந்தது. ஜன்னலைச் சாத்தினாலும் பஞ்சுத் தும்பு உள்ளே வரும். பிரிண்டில் மீசைமயிர்போல வளைந்த வெள்ளைக் கோடுகள் விழும். கடைசியில் இரவு தறி நின்ற பிறகு ஃபிலிம் தொங்கவிடும் பழக்கத்துக்கு வந்தோம். உங்கள் குளியலறையே நல்ல இடம். தொங்கவிடுவதற்குச் சற்று முன் வெந்நீரைத் திறந்து ஆவி பரவவிட்டு, தூசி தரையில் அடங்கியதும் ஃபிலிமைக் கட்டி, கதவைச் சாத்திவிடுங்கள். மூன்று மணி நேரம் யாரும் உள்ளே போக வேண்டாம். வீட்டில் இதற்கு ஒப்புக்கொள்ளச் செய்வது உங்கள் பொறுப்பு.

சித்திரை வெயில் தொடங்கினால் மாடித் தொட்டித் தண்ணீர் தொட முடியாத சூட்டில் வரும். டெவலப்பரை 20 டிகிரியில் வைத்துவிட்டு, அடுத்து அந்தத் தண்ணீரை ஊற்றினால் ஜெலட்டின் வறண்ட ஏரிபோலப் பாளம் பாளமாக வெடிக்கக்கூடும். எல்லாக் கரைசல்களையும் ஒரே தொட்டியில் ஐஸ்கட்டி மிதக்கும் தண்ணீருக்குள் நிறுத்தி, 24 டிகிரியில் வைத்து, நேரத்தை அட்டவணை பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் பாட்டிலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

ஏற்காட்டில் உங்கள் உறவினர் வீட்டில் பழைய நெகட்டிவ் பெட்டி ஒன்று இருப்பதாகவும், அதிலும் புள்ளிகள் இருப்பதாகவும் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அது வேறு கதை. சாய்த்துப் பார்த்து, வேர்போலக் கிளைவிட்டுப் பரவியிருந்தால் பூஞ்சை. அதைத் தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பூஞ்சை பிடித்த ஜெலட்டின் நீரில் கரையும், படமே கழன்று வந்துவிடும். பெட்டியைக் கீழே சேலத்துக்குக் கொண்டுவந்து, சிலிகா ஜெல் பைகளோடு உலர்வான இடத்தில் வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

உங்கள் துண்டை அட்டைக்கு நடுவில் வைத்துத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். மூன்றாவது ஃபிரேமில், பெரிய படகுக்கு நேர் மேலே, பாதி துடைத்த வளையம் ஒன்று இருக்கும். மீதிப் பாதியை நீங்கள் துடைத்துப் பார்ப்பதற்காக விட்டிருக்கிறேன். முதல் ரோலை எடுத்துப் பார்த்ததும் ஒரு வரி எழுதுங்கள். அதிலும் ஓரத்தில் கறுப்புக் கொத்து இருந்தால் நுரையைப் பற்றிய என் கணிப்பு தவறு. அப்போது டேங்கையும் ரீலையும் எடுத்துக்கொண்டு நேரிலேயே வாருங்கள், தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுவோம்.